பருத்திக்காட்டில் பந்தக்கால்

மார்கழி வந்துவிட்டால் கல்யாணப் போட்டோக்காரனுக்கு வனவாசம்தான். பெரம்பலூரில் இருக்கும் என் ஸ்டூடியோவுக்கு அந்த மாதம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவுக்கு மட்டும்தான் ஆள் வரும். அதிலும் "அர்ஜென்ட்டா வேணும்" என்று உயிரை எடுத்துவிட்டுப் போகிறவர் மறுவாரம் வந்து வாங்கிக்கொள்வார். மற்ற மாதங்களில் மூச்சுவிட நேரமிருக்காது. மேடைக்கு விளக்கு வைத்து, பொண்ணு மாப்பிள்ளையை நிறுத்தி, "தாடையைத் தூக்குங்க, தோளை எறக்குங்க, சிரிங்க, இவ்வளவு வேணாம்" என்று கத்திக் கத்தித் தொண்டை கட்டியதுதான் மிச்சம். ஆல்பம் போட்ட பிறகு பொண்ணைப் பெற்றவர் வந்து, "கறுப்பாத் தெரியுதே, கொஞ்சம் வெள்ளையாப் பண்ணிக் குடுங்க" என்பார். பண்ணிக் கொடுப்பேன். இந்த ஜில்லாவில் நான் வெளுத்துக் கொடுத்த முகங்களை வரிசையாக நிறுத்தினால் சுண்ணாம்பு அடித்த காம்பவுண்டுச் சுவர் போல இருக்கும்.

அதனால்தான் மார்கழியில் குருவிகளிடம் போனேன். குருவி ஆல்பத்தில் குறை சொல்லாது. வெளுத்துக் கொடு என்று கேட்காது. அதற்கு வேண்டிய நிறத்தைக் கடவுளே பூசி அனுப்பியிருக்கிறார். எனக்கு நிறம்தான் வேண்டும். நிறமில்லாத குருவியைப் படம் பிடிப்பதும் கொடியில் காயும் வேட்டியைப் படம் பிடிப்பதும் ஒன்று என்பது என் கட்சி. இதில் யாரோடும் எனக்கு சமாதானம் கிடையாது.

ஆனால் குருவிகளுக்கு மேடை அறிவு என்பது துளியும் இல்லை. இத்தனை மரக்கிளைகள் இருக்க, நீலப்பட்டு உடுத்தின பனங்காடை கரண்டு கம்பியில்தான் உட்காரும். தேன்சிட்டு போர்வெல் குழாயின் உடைந்த வாயில் உட்காரும். ஒருமுறை ஒன்பது நிறமும் ஒன்றாகக் கொண்ட ஆறுமணிக்குருவி என் கண்ணெதிரே வந்தது. எங்கே உட்கார்ந்தது தெரியுமா? குப்பைத் தொட்டி விளிம்பில். அந்தப் படத்தில் குருவியைவிட 'மக்கும் குப்பை' என்ற எழுத்துதான் தெளிவாக விழுந்திருந்தது.

சரி, இவர்களுக்கும் நாமே மேடை போட்டுவிடுவோம் என்று முடிவு செய்தேன். இது குருவிப் படக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அழகாக வளைந்த கிளை ஒன்றை வெட்டிவந்து, குருவி புழங்கும் இடத்தில், பின்னால் தூரத்தில் பச்சை தெரிகிறதுபோல நட வேண்டும். நாம் ஒளிந்து உட்கார வேண்டும். குருவி தானாக வந்து உட்காரும். கேட்பதற்கு இவ்வளவு சுலபமான வேலை உலகத்தில் இல்லை.

செட்டிகுளம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு பருத்திக்காடு இருந்தது. அதில் ஒரு கிணறு, மோட்டார் கொட்டகை, கிணற்று மேட்டில் ஒரு புங்கமரம். அந்த மரத்தில் ஒரு மாங்குயில். மஞ்சள் பூசிக் குளித்துக் கண்ணுக்கு மை தீட்டி வந்து நிற்கும் பொண்ணு மாதிரி இருந்தது. என் தொழிலில் திருத்தமே தேவைப்படாத முகத்தை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. ஆனால் அது உச்சாணிக் கிளையை விட்டு இறங்குவேனா என்றது. அதை ஒரே ஒரு தடவை கீழே, என் கிளையில் உட்கார வைத்துவிட வேண்டும் என்று வெறி பிடித்துவிட்டது.

காட்டுக்கு உடையவர் ஒரு அக்கா. என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவராக இருப்பார். நான் போனபோது கையில் டப்பாவோடு செடி செடியாகக் குனிந்து எதையோ பொறுக்கிக்கொண்டிருந்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். நிமிராமலே கேட்டார்.

"குருவி பருத்தியத் திங்குமா?"

"திங்காதுக்கா."

"அப்ப என்னாத்த வேணா நட்டுக்க தம்பி. செடிய மட்டும் மிதிச்சிராத."

டப்பாவை எட்டிப் பார்த்தேன். சோப்புத் தண்ணீரில் பச்சைப் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இவ்வளவு பெரிய காட்டில் ஒற்றை ஆளாகப் புழுப் பொறுக்குகிறவரை நான் அதுவரை பார்த்ததில்லை. "மருந்து அடிச்சா ஒரே நாளு வேலையாச்சேக்கா" என்றேன். அவர் கொட்டகையைக் கை காட்டினார். உள்ளே ஆணியில் ஒரு நீல டேங்க் தொங்கியது. முதுகில் மாட்டிக்கொண்டு அடிக்கிற டேங்க்.

"போன வருசம் அத மாட்டிக்கிட்டு எறங்குன மனுசன்தான், எங்க வீட்டுக்காரரு. காத்து திரும்பி மூஞ்சில அடிச்சிருக்கு. நான் சோறு கொண்டாந்து பாக்குறேன், செடிக்கு நடுவால வாயில நொரையோட கெடக்குறாரு. ரோடு வரைக்கும் நானே இழுத்தாந்தேன். ஆஸ்பத்திரியில கண்ணத் தொறந்து என்னைய யாருன்னு கேட்டாரு தம்பி."

பிழைத்துக்கொண்டார். அதன் பிறகு அரியலூர்ப் பக்கம் சிமெண்டு மூட்டை ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டார். அங்கேயே தங்கல், லீவு கிடைத்தால் ஊருக்கு வருவார். இந்த வருடமும் பருத்தியில் புழு விழுந்துவிட்டது என்று கேள்விப்பட்டதும், "ஒரு ஞாயித்துக்கெழம வந்து அடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டாராம். அக்கா கெஞ்சியும் பார்த்தார், சண்டையும் போட்டார். "சுத்திவர எல்லாக் காட்டுலயும் அடிக்கிறான், எனக்கு மட்டும் என்னா" என்று அவர் போனை வைத்துவிட்டார். ஆம்பளைக்கு ஒருமுறை விழுந்தது அவமானமாகப் போய்விட்டது. மறுபடி அடித்துக் காட்டினால்தான் அவருக்கு மனசு ஆறும்.

"அவரு வர்றதுக்குள்ள புழு இல்லாமப் பண்ணிட்டேன்னா அவரு டேங்க மாட்ட வேணாம்ல? அதான் பொறுக்குறேன்" என்றார். இது நடக்கிற காரியமா என்று எனக்குத் தோன்றியது. என் கவலை எனக்கு.

முதலில் ஒரு வேப்பங்கிளையை நட்டேன். மறுநாள் போனால் கிளை பாதியாகிவிட்டிருந்தது. அந்த வழியாகக் காலையில் போன ஆண்கள் ஆளுக்கொரு குச்சி ஒடித்துப் பல் விளக்கியிருக்கிறார்கள். ஒருவர் என் கண்ணெதிரிலேயே என் செட்டிங்கைக் கடித்துக்கொண்டு, "நல்ல எடத்துல வச்சிருக்கீங்க, வரப்புல நின்னே ஒடிக்கலாம்" என்று பாராட்டிவிட்டுப் போனார். அடுத்து பூவரசங்கிளை நட்டேன். அதை ஆடுகள் தின்றுவிட்டன. ஆடு மேய்க்கும் அம்மாவிடம் சண்டைக்குப் போனேன். "எலைய வெட்டி ஆட்டுக்கு முன்னால நட்டா ஆடு திங்காம கும்புடுமா?" என்று அவர் என்னைத்தான் பிடித்துக்கொண்டார். மூன்றாவதாக இலையே இல்லாத காய்ந்த கிளை. அது யார் வீட்டு அடுப்புக்கோ போய்விட்டது.

எனக்கு வந்த கோபத்தில் ஸ்டூடியோவுக்குப் போய் மேடைச் சாமான்களையே அள்ளிக்கொண்டு வந்துவிட்டேன். ஒடிக்கவும் தின்னவும் முடியாத உயரமான மூங்கில் ஒன்று. அதன் உச்சியில் வளைந்த கிளை ஒன்றை இறுக்கிக் கட்டினேன். கட்டுவதற்குக் கயிறு எடுத்துவர மறந்துவிட்டது. பையில் கிடந்த கல்யாணத் தாம்பூலப் பையைக் கிழித்து அந்த மஞ்சள் துணியால் கட்டினேன். மூங்கில் மூங்கிலாகத் தெரியக் கூடாது என்பதற்காக பிளாஸ்டிக் மாவிலையைச் சுற்றிவிட்டேன். நிறத்துக்கு நாலு பிளாஸ்டிக் பூ. சாயங்கால வெயில் தென்மேற்கிலிருந்து விழும் என்று கணக்குப் போட்டு, அதற்கு நேர் எதிரே காட்டின் வடகிழக்கு மூலையில் நட்டேன்.

ஒளிந்துகொள்ள, ஸ்டூடியோவில் ஒரு காலத்தில் பின்னால் தொங்கவிட்ட பழைய திரையைக் கட்டினேன். அரண்மனைப் படிக்கட்டு, தொங்கும் சரவிளக்கு, படிக்கட்டின் கீழே ஒரு குளம், குளத்தில் ஒரு அன்னம். அந்தத் திரையின் முன்னால் பாதி பெரம்பலூர் நின்று படம் எடுத்திருக்கிறது. ஓவியம் என் பக்கம், வெறும் துணி குருவியின் பக்கம். அன்னத்தின் வயிற்றில் ஓட்டை போட்டு லென்ஸை விட்டேன்.

அன்று சாயங்காலமே குருவி வந்து உட்கார்ந்துவிட்டது. கரிச்சான்.

தலையிலிருந்து பிளந்த வால் வரைக்கும் அட்டக் கறுப்பு. கல்யாண மேடையில் மாப்பிள்ளை நாற்காலியில் சமையல்காரர் வந்து உட்கார்ந்த மாதிரி எனக்கு எரிந்தது. கை தட்டினேன். பறந்து ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடியும் அங்கேயே உட்கார்ந்தது. மண்ணாங்கட்டியை எடுத்து வீசினேன். அது பொருட்படுத்தவில்லை. அதோடு விட்டதா? அந்தப் பக்கம் வந்த காக்காயை விரட்டியது. பருந்தின் முதுகில் ஏறிக் கொத்தியது. கடைசியில் மாங்குயிலையே புங்கமரத்தில் போய் மிரட்டிவிட்டு வந்து, என் பிளாஸ்டிக் பூவின் மேல் உட்கார்ந்து விசில் அடித்தது. கேமராவில் தப்பித்தவறி விழுந்த அதன் படங்களை எல்லாம் அன்றன்றைக்கே அழித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அக்கா இதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் நான் கல்லைக் குறி பார்க்கும்போது கையைப் பிடித்தார்.

"ஏன் தம்பி அத அடிக்கிற? அது என்னா பண்ணுதுன்னு பாத்தியா?"

பார்த்தேன். கரிச்சான் மூங்கிலிலிருந்து செங்குத்தாகப் பருத்திச் செடிக்குள் விழுந்தது. ஒரு புழுவோடு மேலே வந்தது. என் கிளையில் அதை நாலு அடி அடித்து விழுங்கியது. வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி விழுந்தது. அக்கா டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

"விவசாய ஆபீஸ்காரங்க ஒருவாட்டி சொன்னாங்க, காட்டுல குச்சி நடுங்க, குருவி வந்து புழுவத் திங்கும்னு. நான்தான் காதுலயே வாங்கல. இன்னும் நாலு குச்சி நட்டா இன்னும் வருமா தம்பி?"

"வரும்க்கா. சனியன், குடும்பத்தோட வரும்."

நான் வயிற்றெரிச்சலில் சொன்னதை அவர் வாக்காக எடுத்துக்கொண்டார். மறுநாள் நான் போனால் காடு முழுக்கக் குச்சி. கிடைத்த கம்பு, மூங்கில், பழைய ஏணிச் சட்டம், உடைந்த நாற்காலிக் கால் என்று எதையும் விடவில்லை. எல்லாவற்றிலும் குறுக்குச் சட்டம் கட்டியிருந்தார். எல்லாவற்றிலும் கரிச்சான் இருந்தது. மாங்குயில் மரத்தை விட்டு அசையவில்லை.

"அக்கா, நான் மாங்குயிலுக்கு மேடை போட்டா நீங்க கரிச்சானுக்கு மாநாடு நடத்துறீங்களே!"

அவர் சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். புழு குறைகிறது என்றார். காலையில் டப்பா முன்போல நிறைவதில்லை என்றார். இன்னும் கொஞ்ச நாள், வீட்டுக்காரர் வருவதற்குள், என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு கல்லெறிய எனக்குக் கை வரவில்லை. மாங்குயில் போனால் போகிறது என்று சொல்ல ஆசைதான், ஆனால் வாய் வரவில்லை. தினமும் போய் அன்னத்தின் வயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்து கறுவிக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஊர் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியாது.

கொஞ்சம் ஊரார் கண்ணால் பாருங்கள். ஒரு காட்டின் வடகிழக்கு மூலை. ஈசானிய மூலை. அங்கே உயரமாக ஒரு கம்பு. கம்பில் பச்சைக் கிளை, மாவிலை, பூ, மஞ்சள் துணி. அந்தத் துணியில் 'மணமகள்' என்று எழுத்து. சில நாளிலேயே காடு முழுக்க வரிசையாகக் கால் நடப்படுகிறது. பக்கத்தில் அரண்மனை வரைந்த திரை. தினமும் டவுனிலிருந்து ஒரு கல்யாணப் போட்டோக்காரன் வந்து இடத்தைப் பார்த்துவிட்டுப் போகிறான். அக்காவுக்கோ திருச்சியில் நர்சிங் படிக்கும் ஒரே மகள். இதற்கு மேல் சாட்சி என்ன வேண்டும்? பந்தக்கால் நட்டாகிவிட்டது, பந்தல் காடு முழுக்கப் போடப்போகிறார்கள்.

ஆனால் மார்கழி! மார்கழியில் எவன் பந்தக்கால் நடுவான்? ஊருக்குத் தலை வெடித்துவிட்டது. தை பிறக்கும் வரைக்கும் பொறுக்க முடியாத அளவுக்கு அப்படி என்ன அவசரம் என்று டீக்கடையில் ஒரு முனகல் எழுந்து, அது போன் வழியாகச் செந்துறைக்கும் அரியலூருக்கும் திருச்சிக்கும் போய்விட்டது. மகளுக்கே யாரோ கூட்டாளிப் பெண் போன் பண்ணி வாழ்த்துச் சொல்லியிருக்கிறாள். அது இரவெல்லாம் அழுதிருக்கிறது. மார்கழியில் பந்தக்கால் நட்ட முதல் ஆள் என்ற பெயர் எனக்குக் கிடைக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. அதுவும் எத்தனையோ பந்தக்காலைப் படம் எடுத்தவன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை என்பதால் நான் காலையிலேயே காட்டுக்குப் போயிருந்தேன். அக்கா மகளோடு போனில் மன்றாடிவிட்டு, விஷயத்தை என்னிடம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டிருந்தார். அப்போது வரப்பில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவர் வந்தார். அக்காவின் அண்ணன். செந்துறையிலிருந்து முதல் பஸ் பிடித்து அரியலூரில் மாறி வந்திருக்கிறார். மகளுக்குத் தாய்மாமன். தாய்மாமனுக்குச் சொல்லாமல் பந்தக்கால் நடுவது என்றால் சும்மாவா?

"நான் செத்துட்டனா?" என்று ஆரம்பித்தார். "நான் செத்துட்டனா, இல்ல உசிரோட இருக்கேன்னு ஒனக்கு மறந்து போச்சா?"

"அண்ணே, அது பந்தக்கால் இல்லண்ணே. குருவி உக்கார்ற குச்சி."

"குருவிக்கு மாவெல கட்டிப் பூ சுத்தி ஈசானிய மூலையில நட்டியா? குருவிக்கா கல்யாணம்?"

அவர் என் பக்கம் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் வழுக்கையில் அவர் பார்வை கொஞ்ச நேரம் நின்றது. "இவருதான் மாப்பிள்ளையா?" என்று கேட்டார். எனக்குப் பத்தாவது படிக்கிற மகன் இருக்கிறான் என்று நான் சொன்னதும் அவருக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டாம் தாரமா என்று கேட்டுவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அக்காவின் வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். அரியலூரிலும் செய்தி போய்விட்டது. ஒல்லியாக, தோளில் துண்டோடு, மெதுவாக நடந்து வந்தார். மச்சான் பாய்ந்தார். "வாங்க மாப்ள. பந்தக்கால் வரைக்கும் வந்துட்டீங்க. பையன் யாரு?"

அவருக்கு என்ன தெரியும்? அவருக்கும் எதுவும் தெரியாது. ஆனால் மச்சான் எதிரில் எனக்கே தெரியாது என்று எப்படிச் சொல்வது? கம்பைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், என் கேமராவைப் பார்த்தார். நிதானமாகச் சொன்னார்.

"பேசிக்கிட்டிருக்கோம். நல்ல எடம்."

அக்கா அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டார். "யாருங்க? எந்த எடங்க?" என்றார். "அத அப்பறம் பேசிக்கலாம்" என்று அவர் கண்ணைக் காட்டினார். ஆக, இல்லாத மாப்பிள்ளைக்கு ஒரு நிமிடத்தில் நல்ல இடம் என்ற பெயர் கிடைத்துவிட்டது. மச்சான் சீர் என்னவென்று கேட்கத் தொடங்கினார். ஆடு மேய்க்கும் அம்மா ஆடுகளை விட்டுவிட்டுக் கிட்டே வந்து நின்றுகொண்டார்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கல்யாணத்தில் ஐந்நூறு பேரை அடக்குகிற குரலில் ஒரு கத்து கத்தினேன். "எல்லாரும் இந்தத் திரைக்குப் பின்னால வந்து உக்காருங்க! பேசக் கூடாது! கொஞ்ச நேரத்துல அந்தக் கம்புல குருவி வந்து உக்காரலன்னா நீங்க என்னைய என்ன வேணா கேளுங்க!"

அந்தக் குரலுக்கு மனிதர்கள் அடங்கித்தான் தீருவார்கள். அரண்மனைப் படிக்கட்டுக்கு எதிரே தாய்மாமன், வீட்டுக்காரர், அக்கா, ஆட்டுக்கார அம்மா என்று வரிசையாகக் குந்தினார்கள். எட்டிப் பார்க்க ஆளுக்கொரு ஓட்டை போட்டுக் கொடுத்தேன். தாய்மாமனுக்குச் சரவிளக்கில் கிடைத்தது. கேமரா ஸ்டாண்டில் நின்றது. அதன் பின்னாலிருந்த சின்னத் திரையில் மூங்கிலின் உச்சி பெரிதாகத் தெரிந்தது.

கரிச்சான் வந்தது. நான் அந்தச் சனியனை ஆசையாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அது செடிக்குள் விழுந்தது, புழுவைக் கொண்டுவந்து அடித்தது, விழுங்கியது. மறுபடி விழுந்தது. அந்தப் பக்கத்துக் குச்சியில் இன்னொன்று. ஏணிச் சட்டத்தில் ஒன்று.

"ஏய், புழுவ எப்புடி அடிக்குது பாரேன்" என்று சரவிளக்கின் பின்னாலிருந்து தாய்மாமன் கிசுகிசுத்தார். வந்த கோபத்தை அவர் மறந்தே போனார்.

அக்கா வீட்டுக்காரரின் காதருகே போனார். "இதத்தாங்க சொல்ல வந்தேன். பொழுதன்னிக்கும் திங்குது. பாதிப் புழு கொறஞ்சிருச்சி. நீங்க மருந்தடிக்க வேணாங்க."

"குருவி என்னாத்தத் திங்கும்? நான் வந்ததே அடிச்சிட்டுப் போவத்தான். டேங்க எடுத்து வை" என்றார் அவர். ஆனாலும் ஆசை விடவில்லை. "எங்க தம்பி, நல்லாக் காட்டு" என்று என் கேமராவிடம் நகர்ந்து வந்து, இரண்டு கையாலும் லென்ஸைப் பிடித்துக்கொண்டு குனிந்தார்.

சின்னத் திரையில் கரிச்சான் ஆடியது. மூங்கில் ஆடியது. காடே ஆடியது.

"இரும்மா, பூமி அதிருதா?" என்றார் தாய்மாமன்.

ஸ்டாண்டின் திருகு கழன்றுவிட்டது என்றுதான் நான் நினைத்தேன். "ஒரு நிமிசம்ண்ணே" என்று அவர் கையை எடுத்துவிட்டு முடுக்கினேன். படம் கல் மாதிரி நின்றது. அவர் மறுபடி கையை வைத்தார். மறுபடியும் ஆடியது. தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் காட்டுகிற பெரிய லென்ஸ் அது. சாதாரணக் கண்ணுக்குத் தெரியாத சின்ன நடுக்கத்தைக்கூட அது நூறு மடங்காக்கிக் காட்டிவிடும். எனக்கு அப்போதுதான் புரிந்தது. திருகிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கும் புரிந்துவிட்டது. அவர் சின்னத் திரையைப் பார்த்தார். பிறகு லென்ஸின் மேலிருந்த கையைப் பார்த்தார். வீட்டுக்காரர் கையைச் சட்டென்று எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"மார்கழிக் குளிரு" என்றார்.

வெயில் எங்கள் எல்லோர் முதுகிலும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா?" என்றார் அக்கா.

அவர் அரண்மனைப் படிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினி நாளாய்யா?"

"அன்னைக்கு விழுந்ததுலேர்ந்துதான்." என்றார். "மூட்ட தூக்க முடியல. வாட்ச்மேனா கேட்டுல ஒக்கார வச்சிருக்காங்க. சொன்னா நீ அழுவ."

அக்கா அழவில்லை. துண்டுக்குள் கையை விட்டு அந்தக் கையை வெளியே எடுத்தார். எல்லோரும் பார்க்கத் தன் மடியில் வைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தோம்.

சரியாக அந்த நேரத்தில் மாங்குயில் இறங்கி வந்தது. நிஜமாகத்தான் சொல்கிறேன். இத்தனை நாள் எட்டிப் பார்க்காத அந்த மஞ்சள் மகராசி என் மூங்கிலின் உச்சியில், என் பூவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. அக்காவின் முழங்கை ஸ்டாண்டின் காலில் சாய்ந்திருந்தது. படம் ஒருபக்கமாகச் சரிந்து கிடந்தது. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொழில் புத்தி எங்கே போகும்?

"அக்கா, கொஞ்சம் நகருங்க" என்று வாய் சொல்லிவிட்டது.

"போய்யா அந்தாண்ட" என்றார் அவர், திரும்பாமலே. குருவி போய்விட்டது.

பிறகு அண்ணனைக் கூப்பிட்டார். "அண்ணே, கொட்டகையில ஒரு டேங்க் தொங்குது. போறப்ப அத எடுத்துக்கிட்டுப் போயிரு. இங்க இருக்க வேணாம்."

சண்டைக்கு வந்த தாய்மாமன் மறுபேச்சுப் பேசாமல் எழுந்து போய் டேங்க்கை இறக்கி, இடுப்பில் குடம் வைப்பதுபோல வைத்துக்கொண்டு வந்தார். அதோடு அவர் அரியலூர் பஸ்ஸில் ஏறிப் போனதைக் கண்டக்டர் இன்னும் கேலி பேசுவதாகக் கேள்வி.

"அப்ப பருத்தி?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"புழு திங்கிறத தின்னுட்டுப் போவட்டும். மிச்சத்த நாம ரெண்டு பேரும் பறிச்சிக்குவோம்."

நான் கேமராவைக் கழற்றிப் பையில் வைத்தேன். ஆட்டுக்கார அம்மா ஆடுகளைத் தேடிப் போனார். அவர்கள் இருவரும் எழுந்திருக்கவில்லை. அக்கா அந்தக் கையை விடவில்லை. அது ஆடுவதையும் நிறுத்தவில்லை.